மூட்டைப்பூச்சி ஒழிய முட்டையின் நாட்கணக்கு தெரிய வேண்டும்

மருந்து அடித்த மறுநாள் ராத்திரி எல்லோரும் நன்றாகத் தூங்குவார்கள். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மறுபடியும் கையிலும் கழுத்திலும் தடிப்பு வரும். மருந்து சரியில்லை என்று அடுத்த டப்பாவை வாங்குவார்கள். ஊர்ந்து திரிந்தவை செத்தது உண்மைதான். இடுக்கில் ஒட்டியிருந்த முட்டைகள் சாகவில்லை, அவ்வளவே. அந்த முட்டையின் நாட்கணக்கு தெரியாமல் எவ்வளவு செலவு செய்தாலும் வீண்.

முட்டை ஒரு மில்லிமீட்டர் நீளம், பால் வெள்ளை. தாய்ப்பூச்சி அதைப் பசை வைத்து மரத்திலோ துணியிலோ ஒட்டிவிடும். வெதுவெதுப்பான அறையில் 6 முதல் 10 நாளில் பொரியும். வெளிவரும் குஞ்சு ஒன்றரை மில்லிமீட்டர். ரத்தம் குடிக்கும்வரை கண்ணாடி மாதிரி இருப்பதால் கண்ணில் படாது. அது ஐந்து முறை தோலுரித்துத்தான் வளர்ந்த பூச்சியாகும். ஒவ்வொரு தோலுரிப்புக்கும் முன்னால் ஒருமுறையாவது ரத்தம் குடித்தாக வேண்டும். வளர்ந்ததோ உணவில்லாமலே மாதக்கணக்கில் காத்திருக்கும்.

முதலில் இது மூட்டைப்பூச்சிதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தடிப்பை வைத்து முடிவு கட்ட முடியாது. சிலருக்கு அன்றே வீங்கும், சிலருக்குப் பல நாள் கழித்து, சிலருக்கு எதுவுமே தெரியாது. "ஒரே கட்டிலில் படுக்கிறோம், என்னை மட்டும் கடிக்கிறது" என்று சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கடி கணுக்காலைச் சுற்றி மட்டும் இருந்து வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் தெள்ளுப்பூச்சியைத் தேடுங்கள். அதற்கு வழி வேறு.

டார்ச், பழைய ஏடிஎம் கார்டு, ஈரப் பஞ்சு மூன்றும் போதும். மெத்தையின் மூலையில் ஓரத்தையல் தடித்து ஓடும் இடத்தைக் கட்டைவிரலால் விரித்துப் பிடித்து, கார்டின் ஓரத்தை உள்ளே மெதுவாக இழுங்கள். ஸ்கெட்ச் பேனா நுனியை வைத்து எடுத்தது போலக் கறுப்புப் புள்ளிகள் துணியில் ஊறியிருந்தால் அது பூச்சியின் எச்சம். ஈரப் பஞ்சால் தேய்த்தால் துருப்பிடித்த நிறத்தில் இழுபடும். பூச்சியின் வடிவத்திலேயே உள்ளீடற்ற, வெளிர்ப்பழுப்புத் தோல் கூடுகளும் கிடக்கும். அடுத்து கட்டிலின் தலைமாட்டுப் பலகைக்குப் பின்புறம், ஸ்க்ரூ துளைகள், பலகைகள் சேரும் பொருத்துகள், பிளைவுட்டின் அடிவிளிம்பு, பக்கத்து மேசை டிராயரின் அடிப்பகுதி, திரைச்சீலையின் கீழ்மடிப்பு, கட்டிலடியில் கிடக்கும் பயணப்பெட்டி. அந்தக் கார்டு நுழையும் சந்து அதற்கும் போதும்.

கடி தாங்காமல் ஹாலில் போய்ப் படுப்பதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. பூச்சியும் தேடி வரும். ஓர் அறைப் பிரச்சினை இரண்டு அறைக்காகும். அதே கட்டிலில் படுத்துக்கொண்டே அதைத் தனித்தீவாக்குவதுதான் வழி.

துணியில் தொடங்குங்கள். படுக்கை விரிப்பு, உறை, போர்வை எல்லாவற்றையும் அந்த அறையிலேயே பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, மெஷினுக்குப் பக்கத்தில்தான் பையைத் திறக்க வேண்டும். 60 டிகிரி வெந்நீரில் துவைக்கலாம். டிரையர் இருந்தால் அதிகபட்சச் சூட்டில், துணி நன்றாகச் சூடேறிய பிறகு 30 நிமிடம். டிரம்மைத் திணித்து நிரப்பினால் நடுவில் சூடு போகாது. வெந்நீர் தாங்காத துணியில் டிரையர் சூட்டைத் தாங்குபவற்றைத் துவைக்காமலே அதில் போடலாம். சூடு காட்ட முடியாத புத்தகம், பொம்மை, செருப்புக்கு மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் நான்கு முழு நாள்.

வெயிலில் காயப்போட்டால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். 45 டிகிரியில் வளர்ந்த பூச்சி சாக ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். முட்டைக்கு ஏழு மணி நேரம். 50 டிகிரியைத் தாண்டினால்தான் எல்லாம் சீக்கிரம் முடியும். வெயிலில் மெத்தையின் மேல்பக்கம் சுடும், அடிப்பக்கம் சுடாது, பூச்சி அங்கே இறங்கிக்கொள்ளும். மெத்தைக்கு வெயிலை நம்ப வேண்டாம்.

மெத்தைக்கும் கட்டிலுக்கும் வேக்குவம் கிளீனரின் ஒடுங்கிய முனை, அதன்பின் ஸ்டீம் கிளீனரின் நீராவி. முட்டை ஒட்டியிருப்பதால் உறிஞ்சுவதற்கு முன் கார்டால் சுரண்டிவிட வேண்டும். முடிந்த கையோடு குப்பைப் பையைக் கட்டி வெளியே எடுத்துப் போய்விடுங்கள். நீராவியில் அவசரம்தான் காரியத்தைக் கெடுக்கிறது. 30 சென்டிமீட்டர் தூரத்தைக் கடக்கப் பத்துப் பன்னிரண்டு விநாடி ஆக வேண்டும். நீராவி பட்ட இடம் 70 டிகிரியாவது சூடேற வேண்டும். முனையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வேகத்தில் குஞ்சுகள் சிதறும். சுவிட்ச் பக்கம் நீராவி கூடாது.

எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகே இடுக்குகளுக்குப் பொடி. பூச்சிக்கென்று விற்கும் சிலிக்கா பொடி அல்லது டயட்டம் மண் பூச்சியின் மேல்தோலிலுள்ள மெழுகை எடுத்துவிடும். அது உலர்ந்து சாகும். ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். ஈரம் பட்டால் வேலை செய்யாது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு மெல்லியதாகத் தூவுங்கள். குவித்து வைத்தால் பூச்சி சுற்றிக்கொண்டு போகும். மாஸ்க் அணியுங்கள். பொடி சந்துக்குள்ளேதான் இருக்க வேண்டும், மெத்தை மேல் கூடாது.

ஸ்ப்ரேக்களில் பெரும்பாலானவை பைரித்ராய்டு என்ற ரசாயன வகை. அதை எதிர்த்து நிற்கும் பூச்சிகள் இப்போது உலகம் முழுக்க இருக்கின்றன. புகைக்குண்டு வகை மருந்து திறந்த பரப்பில் படிகிறதே தவிர இடுக்குக்குள் போவதில்லை. மண்ணெண்ணெய், ஸ்பிரிட் ஊற்றினால் ஒரு தீப்பொறி போதும், வீடே எரியும். தானியக் கிடங்குக்கான அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைத் தயவுசெய்து வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அது விடும் பாஸ்பீன் வாயு சுவர் விரிசல் வழியாகப் பக்கத்து அறைக்கும் போகும். மூட்டைப்பூச்சிக்காக அதை வைத்த வீடுகளில் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். மூட்டைப்பூச்சி மனிதருக்கு நோய் பரப்புவதாக நிரூபணம் இல்லை. அதற்காக உயிரைப் பணயம் வைக்கத் தேவையே இல்லை.

இனி தீவு. மெத்தைக்கு முழுதும் மூடும் ஜிப் உறை போட்டு ஓராண்டு கழற்றாதீர்கள்; உள்ளே மாட்டியவை பட்டினியில் சாகும். ஜிப் முடியும் இடத்தில் டேப் ஒட்டுங்கள், குஞ்சு வெளியேறுவது அந்த ஓட்டை வழியாகத்தான். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். போர்வை தரையில் புரளக் கூடாது, கட்டிலடியில் எதுவும் இருக்கக் கூடாது. கட்டிலின் ஒவ்வொரு காலையும் வழவழப்பான சிறு கிண்ணத்தில் நிறுத்தி, அந்தக் கிண்ணத்தை அகலமான இன்னொன்றில் வைத்து, உட்சுவர்களில் டால்கம் பவுடர் தடவுங்கள். பெரிய கிண்ணத்தில் பூச்சி விழுந்தால் அது அறையிலிருந்து வருகிறது. சிறியதில் விழுந்தால் கட்டிலிலேயே இன்னும் இருக்கிறது. வெப்ப நாடுகளில் பரவியுள்ள இனம் வழவழப்பிலும் ஏறப் பார்க்கும். வாரம் ஒருமுறை பவுடரைப் புதுப்பியுங்கள்.

முதல் நாள் முழு வேலை. பன்னிரண்டாம் நாள் உறிஞ்சல், நீராவி, துணி மூன்றும் மறுபடி. முதல் முறை தப்பிய முட்டைகள் அதற்குள் பொரிந்திருக்கும், குஞ்சுகள் முட்டையிடும் வயதுக்கு வந்திருக்காது. இருபத்து நான்காம் நாள் மூன்றாவது முறை. அடுக்குமாடி என்றால் பக்கத்து வீட்டாரிடமும் மேல், கீழ் வீட்டாரிடமும் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். சுவர்ச் சந்து வழியாக அவை போய் வரும். அதன்பின் எட்டு வாரம் தொடர்ந்து கிண்ணங்கள் காலியாக இருந்து, மெத்தை உறையில் புதுக் கறுப்புப் புள்ளியும் விழவில்லை என்றால், கட்டிலைப் பழைய இடத்துக்குத் தள்ளலாம்.