கேப் யார்க்கில் ஓடை கடக்கும்போது

ஆஸ்திரேலியாவின் வடகோடியான கேப் யார்க்குக்கு மழை ஓய்ந்தபின், ஜூன் முதல் அக்டோபருக்குள் போவது நல்லது. ஓடையில் இறங்கி ஆழம் பார்ப்பது மற்ற ஊர்களில் சரி. இங்கே முதலை உண்டு. முன்னால் போகும் வண்டியைப் பார்த்துக் கணியுங்கள்.

வண்டி ஓடிச் சூடான டிஃபரன்ஷியலை (சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) சட்டென்று தண்ணீரில் இறக்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். கால் மணி நேரம் ஆறவிடுங்கள். பிரீதர் குழாயை (அந்தப் பெட்டிக்குள் காற்று போய்வரும் குழாய்) பானெட் உயரத்துக்கு நீட்டியிருந்தால் கவலை குறைவு. மாலையில் டிஃபரன்ஷியலின் ஆயில் பிளக்கைக் கழற்றி விரல் விட்டுப் பாருங்கள்: ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, உடனே மாற்றணும்.

மணலில் டயருக்கு 18 பிஎஸ்ஐ போதும். முதலை இருப்பதால் கூடாரம் தண்ணீரிலிருந்து 50 மீட்டராவது தள்ளி. மீன் கழிவை அருகில் போடவே கூடாது.