பிளஸ் டூ உலோகவியல்: வேதிக்கழுவுதலை மணவாளக்குறிச்சி மணலிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்

வேதியியல் முதல் பாடமான உலோகவியலில் மாணவர்கள் அதிகம் குழம்பும் இடம் தாதுவை அடர்ப்பித்தல், அதாவது தாதுவோடு வரும் வேண்டாத மண், பாறையை (தாதுக்கூளம்) நீக்குவது. புவியீர்ப்பு முறை, காந்த முறை, நுரை மிதப்பு முறை, வேதிக்கழுவுதல் என்ற நான்கு முறைகளையும் நான்கு தனிப் பத்திகளாக மனப்பாடம் செய்வதுதான் இதற்குக் காரணம். நான்குக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: வேண்டிய கனிமத்துக்கும் கூட இருக்கும் தாதுக்கூளத்துக்கும் எந்தப் பண்பில் வேறுபாடு? பண்பைக் கண்டுபிடித்தால் முறை தானாக வரும்.

கன்னியாகுமரி மாவட்டப் பிள்ளைகளுக்கு இதற்கான பாடக்கூடம் கடற்கரையிலேயே இருக்கிறது. மணவாளக்குறிச்சி, சின்னவிளைப் பக்கம் கரையில் கறுப்பும் வெள்ளையுமாக வரி வரியாக மணல் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெண்மணலான குவார்ட்ஸின் அடர்த்தி 2.65. கறுப்பாகத் தெரியும் இல்மனைட்டுக்கு (இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த ஆக்சைடு) 4.7 அளவில் வரும். அலை திரும்பும்போது இலேசான வெண்மணலை இழுத்துக்கொண்டு போகிறது, கனமான கருமணல் தங்கிவிடுகிறது. வீட்டில் சுளகில் அரிசியைக் கொழிப்பதும் இதே வேலைதான். பாடப்புத்தகம் இதைப் புவியீர்ப்பு முறை என்கிறது.

அந்தக் கருமணலில் இல்மனைட் மட்டும் இல்லை. ரூட்டைல், சிர்கான், கார்னெட், சில்லிமனைட், மோனசைட் எல்லாம் கலந்திருக்கின்றன. ரூட்டைல், சிர்கான் இரண்டின் அடர்த்தியும் இல்மனைட்டுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுவதால் தண்ணீரால் மட்டும் இவற்றைப் பிரிக்க முடியாது. அடுத்த பண்பைத் தேட வேண்டும். இல்மனைட் காந்தத்தால் ஈர்க்கப்படும், மின்சாரத்தையும் கடத்தும். ரூட்டைல் கடத்தும், ஆனால் காந்தத்துக்கு வராது. கார்னெட்டும் மோனசைட்டும் காந்தத்துக்கு வரும், கடத்தாது. சிர்கானும் சில்லிமனைட்டும் இரண்டுக்கும் வராது. இந்த இரண்டு கேள்விகளை மாற்றி மாற்றிக் கேட்டே ஆலையில் மணலைப் பிரிக்கிறார்கள். கரையில் கருமணல் மேல் ஒரு தாளை விரித்து, வலுவான காந்தம் ஒன்றைத் தாளுக்கு மேல் நகர்த்திப் பாருங்கள். அடியில் கறுப்புத் துகள்கள் மீசை போல எழுந்து ஒட்டும், வெள்ளைத் துகள் அசையாது. அங்கேயே பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள். மோனசைட்டில் தோரியம் இருப்பதால் அந்த மணலை வீட்டுக்கு அள்ளி வரக் கூடாது.

இப்போது வேதிக்கழுவுதலுக்கு வரலாம். அடர்த்தி, காந்தத்தன்மை, நுரை மிதப்பு முறைக்கு உதவும் எண்ணெயில் ஒட்டும் தன்மை எதுவும் கைகொடுக்காதபோது மிஞ்சுவது வேதிப்பண்பு. பொடித்த தாதுவைத் தகுந்த கரைப்பானில் இட்டால் வேண்டிய உலோகம் கரையும் உப்பாகவோ அணைவுச் சேர்மமாகவோ மாறிக் கரைசலுக்குள் போகும், தாதுக்கூளம் கரையாமல் நிற்கும். விடைத்தாள்களில் அடிக்கடி தலைகீழாக வருவது இந்த வரிதான். "மாசு கரைந்து நீங்குகிறது" என்று எழுதினால் மதிப்பெண் போகும். தூத்துக்குடி மாவட்டம் சாகுபுரத்து ஆலையில் இல்மனைட்டிலிருந்து செயற்கை ரூட்டைல் எடுக்கும்போது இரும்புதான் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைகிறது, டைட்டானியம் ஆக்சைடு மிஞ்சுகிறது என்பது உண்மை. ஆனால் அதை வரையறைக்குள் கொண்டுவராதீர்கள்.

அலுமினியத்தின் தாதுவான பாக்சைட்டை நன்றாகப் படியுங்கள், ஐந்து மதிப்பெண்ணுக்குத் தகுந்த பகுதி இது. பொடித்த தாதுவைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலுடன் 470 முதல் 520 கெல்வினில், 35 வளிமண்டல அழுத்தத்தில் சூடாக்க வேண்டும். அழுத்தம் எதற்கு என்று கேட்டால், அந்த வெப்பநிலையிலும் கரைசல் கொதித்து ஆவியாகாமல் இருக்க. அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) அமிலத்தோடும் காரத்தோடும் வினைபுரியும் ஈரியல்பு ஆக்சைடு என்பதால் காரத்தில் கரைந்து சோடியம் மெட்டா அலுமினேட் ஆகிறது. இரும்பு ஆக்சைடும் டைட்டானியம் ஆக்சைடும் அடியில் நிற்கும். ஆலைகளில் குவியும் சிவப்புச் சேற்றுக்கு நிறம் கொடுப்பது இந்த இரும்புதான். சூடான கரைசலை வடித்து, குளிர்வித்து, நீர்த்து, கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தினால் நீரேறிய அலுமினா வீழ்படிவாகும். அதை வடிகட்டி 1670 கெல்வின் அளவில் சூடாக்கினால் தூய அலுமினா. ஆலைகளில் கார்பன் டை ஆக்சைடுக்குப் பதிலாக அலுமினியம் ஹைட்ராக்சைடு விதைப்படிகங்களைப் போட்டு வீழ்படிவாக்குவது வழக்கம். தேர்வில் புத்தகத்தில் இருப்பதையே எழுதுங்கள்.

பாக்சைட்டோடு இருக்கும் சிலிக்கா என்ன ஆகும் என்று யோசிக்கும் மாணவர் நல்ல மாணவர். அது அமில ஆக்சைடு, காரத்தில் கரையும். பிறகு சோடியம் அலுமினோசிலிக்கேட்டாகப் படிந்து, காரத்தையும் அலுமினாவையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விடும். சிலிக்கா மிகுந்த பாக்சைட் கட்டுப்படியாகாமல் போவதற்கு இதுதான் காரணம்.

தங்கத் தாதுவைச் சயனைடு கரைசலால் கழுவும் விடையில் மாணவர்கள் தவறவிடுவது ஆக்சிஜன். சயனைடு மட்டும் தங்கத்தைக் கரைத்துவிடாது. தங்கம் 0 ஆக்சிஜனேற்ற நிலையிலிருந்து +1 நிலைக்கு ஏற வேண்டும், ஏற்றுவது காற்று. எண்களை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: தங்கம் 4, சயனைடு அயனி 8, ஆக்சிஜன் மூலக்கூறு 1, நீர் 2. வலப்பக்கம் டைசயனைடோ ஆரேட் அயனி 4, ஹைட்ராக்சைடு அயனி 4. எழுதி முடித்ததும் மின்சுமையைக் கூட்டுங்கள், இரு பக்கமும் எதிர் 8 வர வேண்டும். வராவிட்டால் ஹைட்ராக்சைடை விட்டிருப்பீர்கள். அடுத்து துத்தநாகம் சேர்த்துத் தங்கத்தை வெளியே தள்ளும் படியில் அணைவு அயனி 2, துத்தநாகம் 1. அதாவது 65.4 கிராம் துத்தநாகம் 394 கிராம் தங்கத்தை வெளியேற்றும். பாக்சைட்டில் அலுமினியம் தொடக்கம் முதல் கடைசி வரை +3 நிலையிலேயே இருக்கிறது, அங்கே ஆக்சிஜனேற்றம் இல்லை. இந்த வித்தியாசம் ஒரு மதிப்பெண் வினாவுக்கு ஏற்றது.

சோடியம் சயனைடு நுரை மிதப்பு முறையிலும் வருவதால் சிலர் இரண்டையும் கலந்து எழுதுகிறார்கள். அங்கே ஈயத் தாதுவான கலீனாவோடு இருக்கும் துத்தநாக சல்பைடின் மேல் அணைவுச் சேர்மப் படலமாகப் படிந்து அதை மிதக்கவிடாமல் தடுப்பதுதான் அதன் வேலை. தாதுவைக் கரைத்தெடுக்கும் வேலை அங்கே அதற்கு இல்லை.

அம்மோனியா முறையை நீட்ட வேண்டாம்: நிக்கல், தாமிரம், கோபால்ட் மூன்றும் அம்மோனியாவோடு கரையும் அணைவாகும், இரும்பு அப்படி ஆகாமல் நின்றுவிடும்.

அமிலமா காரமா என்பதை எது தீர்மானிக்கிறது என்று உயர்சிந்தனை வினா வந்தால் யுரேனியத்தை எடுத்துக்காட்டாக எழுதலாம். ஜார்க்கண்டின் ஜாதுகுடா தாதுவுக்குக் கந்தக அமிலம் பொருந்துகிறது. ஆந்திராவின் கடப்பா மாவட்டத்துத் தும்மலப்பள்ளியில் யுரேனியம் கார்பனேட் பாறைக்குள் இருக்கிறது. அங்கே அமிலத்தை ஊற்றினால் யுரேனியத்தைத் தொடுமுன் பாறையே அமிலத்தைக் குடித்துவிட்டுக் கார்பன் டை ஆக்சைடாகப் பொங்கும். அதனால் அங்கே காரக் கழுவுதல். கரைப்பானைத் தேர்ந்தெடுக்கும்போது உலோகத்தோடு கூடவே தாதுக்கூளத்தையும் பார்க்க வேண்டும் என்று இரண்டு வரியில் எழுதினால் போதும்.

70 மதிப்பெண்ணுக்கு 180 நிமிடம். ஐந்து மதிப்பெண் விடைக்கு 13 நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். பாக்சைட் விடையில் முதலில் சமன்பாடுகளை எழுதிவிட்டு, ஒவ்வொன்றின் கீழும் வெப்பநிலை, கரைவது எது, நிற்பது எது என்று மூன்று குறிப்புகள் போடுங்கள். நேரம் போதாமல் போனாலும் மதிப்பெண் தரும் பகுதி அதற்குள் தாளில் ஏறியிருக்கும்.