பொதுச்சுவர்

கும்பகோணத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கும் வீட்டுக்கும் இடைவெளி கிடையாது. நடுவில் ஒரே பொதுச்சுவர், இரண்டு பக்கமும் குடித்தனம். அப்பா கொத்தனார். லீவு நாளெல்லாம் அவருக்குச் செங்கல் எடுத்துக் கொடுத்து வளர்ந்தவன் நான். மகளைப் பார்க்க லண்டன் போனபோதும் கண் சுவரைத்தான் தேடியது.

பெட்ஃபோர்டு சதுக்கம், 1775-க்கும் 1783-க்கும் இடையில் எழும்பிய வரிசை வீடுகள். ஜார்ஜ் என்ற பெயரில் நான்கு ராஜாக்கள் அடுத்தடுத்து ஆண்ட காலம் என்பதால் ஜார்ஜியன் வீடு என்கிறார்கள். ஜன்னலுக்கு மேலே வளைவே தெரியாத தட்டை ஆர்ச். ஒவ்வொரு செங்கல்லையும் ஆப்பு வடிவில் தேய்த்து, நூலளவு சுண்ணாம்பில் சேர்த்திருக்கிறார்கள். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். "குளிருதுப்பா, வாங்க" என்று மகள் நாலு தரம் கூப்பிட்டுவிட்டாள்.

1666-ல் லண்டன் ஊரே தீப்பிடித்து எரிந்ததில் பிறந்த ஒழுங்கு இது. மரவீடு போய்ச் செங்கல் வந்தது. ஜன்னல் சட்டத்தைச் சுவர் முகத்திலிருந்து நான்கு அங்குலம் உள்ளே தள்ளி வைக்கச் சொன்னது 1709-ஆம் வருஷச் சட்டம். 1774-ல் வீடுகளை நான்கு தரமாகப் பிரித்து, எந்தத் தரத்துக்குச் சுவர் எத்தனை கனம் என்றும் எழுதிவைத்தார்கள். பக்கத்து வீட்டுத் தீ தாவாதபடி பொதுச்சுவர் கூரையைத் தாண்டி எழும்பி நிற்கிறது. அப்பா பார்த்திருந்தால் தடவிக் கொடுத்திருப்பார்.

இன்னொரு தெருவில் ஒரு பழைய சுவர் கண்ணில் பட்டது. கல்லின் முகம் தகடு தகடாக உரிந்து உள்ளே போயிருக்க, சந்துகளில் அடைத்த சிமெண்டுக் கோடு மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எங்கள் வீட்டிலும் இதேதான் நடந்தது.

அப்பா போன பிறகு ஒரு கான்ட்ராக்டர் வந்தார். "சுண்ணாம்பெல்லாம் எதுக்கு சார்? சிமெண்ட் பூசிடலாம்" என்றார். நானும் தலையாட்டினேன். மூன்று அடைமழை தாங்கவில்லை. தட்டினால் டொக்கென்று சத்தம். பூச்சு பாளமாகப் பெயர்ந்தது, பின்னால் செங்கல் மாவாகக் கொட்டியது. அஸ்திவாரத்திலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியேறிவிடும். சிமெண்ட் அதை அடைத்துவிட, உப்புப் பூத்துக் கல்லைத் தின்றிருக்கிறது. அடைபட்ட ஈரம் அந்தப் பக்கமும் ஏறியது. "தம்பி, எங்க சமையல்கட்டுச் சுவரெல்லாம் ஓதம் அடிக்குதுப்பா" என்று பக்கத்து வீட்டு அத்தை வந்து சொன்னபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் சுவரையும் சேர்த்தல்லவா கெடுத்திருக்கிறேன்.

ஊர் திரும்பியதும் சிமெண்டை முழுக்கக் கொத்தி எடுத்தாயிற்று. கொல்லையில் சுண்ணாம்பு நீற்றிப் பத்து நாளாகிறது. அதில் கலக்கக் கடுக்காய் ஊறுகிறது. தினமும் விடிந்ததும் குழியில் தண்ணீர் நிற்கிறதா என்று போய்ப் பார்க்கிறேன். அத்தையும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்.