பதினாலுக்குப் பதினாறு

ஜனவரி மாதத்தில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தைச் சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறவன், ஒன்று ஊருக்குப் புதிதாக வந்தவனாக இருக்க வேண்டும், இல்லை என்னைப் போலப் பிடிவாதக்காரனாக இருக்க வேண்டும். மகளுக்குப் பள்ளியில் பாடம், மேற்கே குடியேறியவர்களின் வாழ்க்கை. பாடப் படத்தில் எல்லாருமே வெயிலில் நிற்கிறார்கள். குளிர்காலத்தில் என்ன செய்தார்கள் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. சரி, போய்ப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டேன். "ஏப்ரல்ல போனா என்ன?" என்றாள் மனைவி. ஏப்ரலில் போனால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காதே.

லிங்கன் நகரிலிருந்து தெற்கே நாற்பது மைல் போனால் பியாட்ரிஸ். நாம் எழுத்தைப் பார்த்து 'பீட்ரிஸ்' என்றால் உள்ளூர்க்காரர்கள் சிரிப்பார்கள். அங்கிருந்து மேற்கே நாலு மைலில் ஹோம்ஸ்டெட் தேசிய வரலாற்றுப் பூங்கா. காரின் கண்ணாடியில் வெளியே 9 டிகிரி ஃபாரன்ஹீட் என்று காட்டியது. நம் கணக்கில் மைனஸ் 13. நிறுத்துமிடத்தில் எங்களைத் தவிர இரண்டே கார்கள்.

1862-இல் அதிபர் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டத்தின் கதை எளிது. 160 ஏக்கரை எழுதி வாங்கிக்கொள், ஐந்து வருஷம் அதிலேயே குடியிரு, வீடு கட்டு, பயிர் செய், நிலம் உனக்கு. கட்டணம் எல்லாம் சேர்த்து 18 டாலர். 1863 ஜனவரி 1, சட்டம் நடைமுறைக்கு வந்த முதல் நாளே மனு கொடுத்தவர் டேனியல் ஃப்ரீமன். அவர் நிலம்தான் இன்றைய பூங்கா. மனைவி ஆக்னஸ், உள்நாட்டுப் போரில் இறந்துபோன ஃப்ரீமனின் சகோதரருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவர். ஃப்ரீமன் கடிதத்திலேயே பெண் கேட்டு, கடிதத்திலேயே சம்மதம் வாங்கினாராம்.

எளிதான கதையில் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. இந்த பிக் புளூ ஆற்றங்கரை ஓட்டோ-மிசூரியா என்ற பூர்வகுடி மக்களின் நிலம். அரசு அவர்களுக்கு ஒதுக்கிய பகுதியும் இங்கே பக்கத்தில்தான் இருந்தது. 1881-இல் அதையும் விட்டு, இன்று ஒக்லஹோமா என்கிற இடத்துக்குப் போக நேர்ந்தது. காட்சிக்கூடத்தில் இதையும் வைத்திருக்கிறார்கள். எல்லாரும் அங்கே நிற்பார்களா என்பது வேறு விஷயம்.

நான் வந்தது காட்சிக்கூடத்துக்கு வெளியே நிற்கும் மரவீட்டுக்காக. 1867-இல் ஜார்ஜ் பால்மர் என்பவர் கொஞ்ச தூரத்தில் கட்டியதை இங்கே பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். இந்தப் பக்கம் ஓடைக்கரைகளில் மரம் இருந்ததால் மரத்தில் கட்ட முடிந்தது. தச்சுக் கோடாலியால் செதுக்கிய கட்டைகள், மூலையில் ஒன்றுக்குள் ஒன்று கவ்விக்கொண்டு நிற்கின்றன. இடைவெளிகளில் சாந்து. நான் சுவரோரமாகக் காலடி வைத்து அளந்தேன். பதினாலு அடிக்குப் பதினாறு அடி. பின்னால் ஒரு சாய்ப்பு இறக்கியிருக்கிறார்கள், அது பிறகு சேர்த்தது.

பால்மர், அவர் மனைவி, பத்துப் பிள்ளைகள்.

தகவல் பலகையை மகள் இரண்டு முறை படித்தாள். "பத்தும் ஒரே நேரத்துல இருந்திருக்காது, பெருசு வெளிய போயிருக்கும், சிறுசு வந்திருக்கும்" என்று மனைவி சமாதானம் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அந்தச் சிறுசெல்லாம் எங்க பிறந்திருக்கும்?" என்று அவளே கேட்டாள். அந்த ஒரே அறையில்தான். வெளியே பனி விழும்போது மற்ற பிள்ளைகளை எங்கே அனுப்பினார்கள்?

போட்டோ எடுக்க போனை வெளியே எடுத்தேன். 60 சதவீதம் காட்டிய பேட்டரி, நாலு படத்தில் அணைந்தே போனது. குளிர் போனைக் கொல்லும் என்று தெரிந்தும் மேல் பாக்கெட்டில் வைத்திருந்தது என் தப்பு.

உள்ளே வந்து சூடுபிடித்ததும் ரேஞ்சர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். ஆளில்லாத நாள் என்பதால் அவருக்கும் பேச ஆசை. "இங்கே மரம் இருந்தது, இவர்கள் அதிர்ஷ்டசாலிகள்" என்றார். மேற்கே போகப் போக மரமே கிடையாது. அங்கே தரையையே வெட்டிக் கட்டினார்கள். புல்வேர் பின்னிக் கிடக்கும் மண்ணைக் கலப்பையால் பட்டையாக உரித்து, துண்டு போட்டு, புல் பக்கம் கீழே இருக்கும்படி செங்கல் மாதிரி அடுக்குவார்கள். சுவர் இரண்டு மூன்று அடி கனம். கோடையில் குளிர்ச்சி, குளிரில் கதகதப்பு, எல்லாம் சரிதான். கூரையிலிருந்து மண் உதிரும். சாப்பாட்டில் விழாமல் இருக்க உட்கூரைக்கு மஸ்லின் துணி கட்டுவார்கள். வெளியே மழை இரண்டு நாள் பெய்தால் வீட்டுக்குள் மூன்று நாள் பெய்யும் என்று வேடிக்கையாகச் சொல்வார்களாம்.

எரிப்பதற்கும் விறகு இல்லை. காய்ந்த சாணிதான், முதலில் காட்டெருமையுடையது, பிறகு மாட்டினுடையது. வறட்டி என்று மகளுக்குச் சொன்னேன். தட்டி வைப்பதில்லை, புல்வெளியில் தானாகக் காய்ந்து கிடப்பதைக் கோணியில் பொறுக்கி வருவது. அதுவும் தீர்ந்தால் மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிர், அதுவும் தீர்ந்தால் வைக்கோலைப் போலக் காய்ந்த புல். புல் சரசரவென்று எரிந்து ஐந்து நிமிஷத்தில் சாம்பலாகிவிடும். அதனால் ஈரத்துணி பிழிவது மாதிரி அதை முறுக்கி, முடிச்சுப் போட்டு, ஒவ்வொன்றாக அடுப்பில் போட வேண்டும். 1880-81 குளிரில் டகோட்டாப் பக்கம் ரயில் பாதையைப் பனி மூடி வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ரயில் வராமல் போனது. நிலக்கரியும் இல்லை, மாவும் இல்லை. வீட்டில் ஒருவர் புல் முறுக்க, இன்னொருவர் காப்பிக்கொட்டை அரைக்கிற கைமில்லில் கோதுமையைப் போட்டுச் சுற்றிக்கொண்டே இருந்தார்களாம். ரேஞ்சர் கையால் முறுக்கிக் காட்டினார். மகள் தன் கழுத்துத் துணியைக் கழற்றி முறுக்கிப் பார்த்தாள்.

அவர் சொன்னதில் எனக்கு உறைத்தது வேறு. 160 ஏக்கர் என்பது அரை மைலுக்கு அரை மைல் சதுரம். சட்டப்படி அதிலேயே குடியிருக்க வேண்டும். நம் பக்கம் வீடுகள் ஊரில் சேர்ந்து இருக்கும், வயல் வெளியே இருக்கும். இங்கே ஒவ்வொரு குடும்பமும் தன் சதுரத்துக்குள் தனியாக. உள்ளே மூச்சுவிட இடமில்லாமல் பன்னிரண்டு பேர், வெளியே அரை மைலுக்கு ஆளே இல்லை. நெருப்பு அணைந்தால் கடன் கேட்க அடுத்த வீடு கிடையாது. பனிப்புயலில் வீட்டுக்கும் தொழுவத்துக்கும் நடுவே கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு போய்ப் பால் கறந்தார்கள். முப்பது அடி தூரத்துக்குக் கயிறா என்று சிரிப்பு வந்தது. பள்ளிக்கூடத்தைப் பார்த்த பிறகு வரவில்லை.

ஃப்ரீமன் பள்ளிக்கூடம் கால் மைல் தள்ளி இருக்கிறது. 1872-இல் கட்டிய ஒற்றை அறைச் செங்கல் கட்டடம், 1967 வரை நடந்திருக்கிறது. ஜன்னலில் மூக்கை வைத்து எட்டிப் பார்த்தோம். மர பெஞ்சுகள், இரும்பு அடுப்பு. 1888 ஜனவரி 12 காலை, பருவத்துக்குச் சம்பந்தமில்லாத இதமான வெயில். பல பிள்ளைகள் கனத்த கோட்டு இல்லாமல் பள்ளிக்குப் போனார்கள். பகலில் புயல் வந்தது, கைக்கெட்டிய தூரம்கூடத் தெரியாத வெள்ளை. நெப்ராஸ்கா, டகோட்டாப் பகுதிகளில் சுமார் 235 பேர் இறந்ததாகக் கணக்கு, நிறையப் பேர் பள்ளியிலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகள். வடமேற்கே வேலி (Valley) கவுண்டியில் மின்னி ஃப்ரீமன் என்ற இளம் ஆசிரியை, கூரை பிய்த்துக்கொண்டு போன மண்பள்ளியிலிருந்து பிள்ளைகளைப் பண்ணைவீடு ஒன்றுக்குக் கொண்டுசேர்த்தார். இந்த ஃப்ரீமனுக்கு உறவில்லை, பெயர்தான் ஒன்று. எல்லாரையும் ஒரே கயிற்றில் கட்டி அழைத்துப் போனார் என்பது பிறகு சேர்ந்த கதை என்பாரும் உண்டு.

கால் மைல் திரும்பி நடப்பதற்குள் என் கால்விரல்கள் மரத்துவிட்டன. காரில் ஏறியதும் மூன்று பேரும் பேசாமல் ஹீட்டர் துவாரத்தில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் மகள் மாஸ்கிங் டேப்பும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போனாள். தரையில் பதினாலுக்குப் பதினாறு ஒட்டினாள். வீட்டிலுள்ள தலையணை, சோபாத் திண்டு எல்லாம் வந்தன, பன்னிரண்டு. இந்த மாதிரி வீடுகளில் பிள்ளைகளைப் பரணில் ஏற்றுவது உண்டு என்றேன். நான்கைத் தூக்கிப் படிக்கட்டில் வைத்தாள், அது பரண். மீதி எட்டையும் நெருக்கி அடுக்கினோம். சாப்பாட்டு மேஜைக்கு ஒரு அட்டைப்பெட்டி, மாவுப் பீப்பாய்க்கு ஒரு வாளி. எல்லாம் அடங்கிவிட்டது என்று எழுந்து நின்றோம்.

படியிறங்கி வந்த மனைவி பார்த்துவிட்டுக் கேட்டாள், "அடுப்பு எங்க?"