கச்சானுக்கு முன்னும் பின்னும்

ஏப்ரல் 8
காற்றே இல்லை. கச்சான் எனும் தென்மேற்குக் காற்று தொடங்கும்வரை நாய், பூனை, கோழிக்கெல்லாம் வெக்கைதான்.

ஏப்ரல் 11
கிளிநொச்சிப் பக்கம் 14ஆம் திகதியளவில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். மத்தியானத்தில் சுவரோரம் ஒரு விரல் நிழலும் விழாது. காலையில் நிழலாக இருந்த இடத்தில் நாயைக் கட்டிவிட்டு வயலுக்குப் போனால் பத்து மணிக்கே அதன்மேல் வெயில் ஏறிவிடும். கட்டுவதானால் மரத்தடியில், நீளக் கயிற்றில். தகரக் கொட்டிலுக்கு மேலே கிடுகு போடும்போது தகரத்தோடு ஒட்டிப் போடக்கூடாது. ஒரு சாண் இடைவெளி விட்டால்தான் நடுவால் காற்றுப் போகும். போகக் காற்று வேணுமே!

ஏப்ரல் 13
பின்னேரம் இடிமழை. விட்டதும் முந்தியதைவிடப் புழுக்கம். வெயிலைவிட எனக்கு இதுக்குத்தான் பயம். நாய்க்கு எங்களைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. இளைத்துத்தான் சூட்டை வெளியே விடும். நாக்கிலும் வாயிலும் உள்ள ஈரம் ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றிலேயே ஈரம் நிறைந்து கிடந்தால் எவ்வளவு இளைத்தும் பலனில்லை, அந்த இளைப்பே உடம்பில் இன்னும் சூட்டைக் கூட்டும். கொழுத்த நாய், வயதான நாய், சப்பை மூக்குச் சாதி, இவைதான் முதலில் விழும். பொமேரியனைத் தோல் தெரிய மழிக்கிறார்கள். வேண்டாத வேலை. சீவி உதிர்ந்த மயிரை எடுத்தால் காணும்.

ஏப்ரல் 14
வருசப்பிறப்பு. வெடிக்கு வெருண்டு ஓடும் நாய் இந்த வெக்கையில் ஓடியே விழும். காலையிலேயே அறைக்குள் விட்டு, விசிறியைப் போட்டுவிட வேண்டும்.

ஏப்ரல் 17
அயல்வளவில் மயங்கிய நாயை ஈரச் சாக்கால் மூடி வைத்திருந்தார்கள். சாக்கு கொஞ்ச நேரத்தில் சூடாகி, உள்ளே இருக்கும் வெக்கையை வெளியே விடாது. மூடக்கூடாது, ஊற்ற வேண்டும். நிழலுக்கு எடுத்து, கிணற்றுத் தண்ணியை வயிறு, தொடை இடுக்கு, கழுத்து, பாதம் எல்லாம் நனையும்படி தொடர்ந்து ஊற்றி, விசிறியாலோ தட்டியாலோ வீச வேண்டும். ஐஸ் தேடிக் கடைக்கு ஓடினால் நேரம்தான் போகும். மயங்கியிருந்தால் வாயில் தண்ணி பருக்கக்கூடாது, நுரையீரலுக்குள் போகும்.

தெர்மாமீற்றர் முனையில் தேங்காயெண்ணெய் பூசி ஆசனவாயில் வைத்துப் பார்க்கலாம். 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ் வழமை. 41 ஆபத்து. 39.4க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்த வேண்டும், அதற்குப் பிறகும் தானாக இறங்கும். எழும்பி வாலாட்டினாலும் மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். சிறுநீரகம் பழுதாவதும் இரத்தம் உறையாமல் போவதும் அடுத்த நாட்களில்தான் தெரியவரும்.

ஏப்ரல் 18
வெக்கையில் மயங்கிய நாய்க்குப் பனடோல் (பரசிற்றமோல்) கொடுக்கவே கூடாது. அந்தச் சூடு காய்ச்சல் அல்ல. பூனைக்கு அரைக் குளிசையே உயிரை எடுக்கும்.

மே 29
கச்சான் தொடங்கிவிட்டது. அப்பாடா.

ஜூன் 6
இந்தக் காற்றில் மண்சட்டித் தண்ணி தானாகக் குளிர்கிறது. கோழிக்கூட்டில் காற்று வரும் பக்கம் ஈரச் சாக்குத் தொங்கவிடலாம். ஏப்ரலில் இதையே செய்தால் கூட்டுக்குள் புழுக்கம்தான் கூடும். தீனி விடியவும் பொழுதுபடவும் மட்டும். மத்தியானம் தின்றால் செமிக்கும் சூடும் சேர்ந்து செட்டையை விரித்து வாயைப் பிளக்கும்.

உலர்ந்த காற்று தண்ணியையும் உறிஞ்சும். 10 கிலோ நாய்க்குச் சாதாரண நாளில் அரை லீற்றருக்குக் கொஞ்சம் மேலே, இப்போது ஒரு லீற்றர்வரை. பூனை இலேசில் குடிக்காது. சோற்றுக்குள் உப்பில்லாத மீன் அவித்த தண்ணியைக் கலந்துவிட வேண்டும். சட்டியை நாளுக்கு நாள் உரஞ்சிக் கழுவாவிட்டால் நுளம்புக்குத் தொட்டிலாகிவிடும்.

ஜூலை 12
உண்ணி. காதுமடல், விரலிடுக்கு, வாலடி. இடுக்கியால் தோலுக்கு மிகக் கிட்ட உண்ணியைப் பிடித்து நேரே இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் பூசினால் தோல் வெந்துவிடும், நக்கினால் இன்னும் மோசம். நாய்க்கு உண்ணி கொல்லப் பூசும் பேர்மெத்திரின் மருந்தைப் பூனைக்குக் கிட்டவும் கொண்டுபோகக்கூடாது, வலிப்பு வந்து சாகும். முரசு (பல் ஈறு) வெளிறி, மூத்திரம் தேத்தண்ணி நிறத்தில் போனால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், வீட்டு வைத்தியத்துக்கு அடங்காது. சுவர் வெடிப்புக்குள்ளும் முட்டை கிடக்கும். நாயை மட்டும் துப்புரவாக்கிப் பயனில்லை.

ஜூலை 13
திரும்பவும் உண்ணி.

ஆகஸ்ட் 9
சின்னக் குளங்கள் வற்றுது. மிஞ்சிய பள்ளத்தில்தான் முதலையும் கிடக்கும். தண்ணி பச்சைப் பாசியாய்த் திரண்டிருந்தால் அதிலும் நஞ்சு இருக்கலாம், நாய் குடிக்கவோ குளிக்கவோ விடக்கூடாது. நடக்கக் கூட்டிப்போனால் காலை ஆறு மணிக்கு முந்தி. தார் ரோட்டில் புறங்கையை வைத்து ஏழு விநாடி தாங்க முடியாவிட்டால் பாதமும் தாங்காது.

ஆகஸ்ட் 22
கச்சான் விட்டுவிட்டுத்தான் வீசுது. மாதக் கடைசியில் சூரியன் திரும்பவும் உச்சிக்கு வரும். கிடுகைப் பார்க்க வேணும்.