பாட்டுக்காரர் போன பிறகு

பரதநாட்டியத்துக்கு மிருதங்கம் வாசிப்பது என் பிழைப்பு. கச்சேரி வித்வான்களில் சிலர் எங்களைக் கொஞ்சம் மட்டமாகத்தான் பார்ப்பார்கள். 'அவன் டான்ஸுக்கு வாசிக்கிறவன்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இருக்கட்டும். டிசம்பரிலும், அமெரிக்காவில் பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுகிற ஜூலை, ஆகஸ்டிலும் சென்னையில் அரங்கேற்றம் இல்லாத சனி, ஞாயிறு கிடையாது. வேலைக்குப் பஞ்சமில்லை. இந்த மேடைகளில் என் பக்கத்தில் நெடுநாள் உட்கார்ந்து பாடிய ஒருவர், நான் அண்ணா என்று கூப்பிடுகிறவர், நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு சாமியாரிடம் போய்விட்டார்.

டான்ஸுக்குப் பாடுவது எப்படிப்பட்ட வேலை என்று தெரிந்தால்தான் அவர் எதை விட்டார் என்பது புரியும். கச்சேரியில் பாடகர்தான் ராஜா. எங்கள் மேடையில் அவர் ஓரத்தில், ஜதி சொல்லி ஆட்டத்தை நடத்தும் நட்டுவனாருக்குப் பக்கத்தில், அரை இருட்டில் உட்கார்ந்திருப்பார். ஆடுகிறவர் சஞ்சாரியை, அதாவது ஒரு வரியின் பொருளை அபிநயத்தில் விரித்துக் காட்டுவதை, முடிக்கிறவரை ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடவேண்டும். நந்தனார் கோயிலுக்கு வெளியே நிற்கிறார், நந்தி மறைக்கிறது, குதிகாலைத் தூக்கி எட்டிப் பார்க்கிறார், கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். இத்தனைக்கும் வரி ஒன்றுதான். அண்ணா அதே வரியை ஒரு முறை கெஞ்சலாகப் பாடுவார், அடுத்த முறை கூச்சத்தோடு, இன்னொரு முறை கோபத்தை விழுங்கியதுபோல. ஒரு சங்கதி, அதாவது வரியை மாற்றிப் பாடும் ஒரு விதம், திரும்ப வராது. கண் நோட்டில் இருக்காது, ஆடுகிற பெண்ணின் கையில் இருக்கும். சஞ்சாரி முடியப்போகிறது என்றால் அந்தக் கை லேசாகத் தளரும். சபையில் யாருக்கும் தெரியாத அந்தத் தளர்வைப் பிடித்து அடுத்த வரிக்குத் தாவுவார். நான் அவர் தொண்டையைப் பார்த்து, முடித்துவைக்கும் சொற்கட்டான தீர்மானத்தை வைப்பேன். இந்த ஏற்பாடு நாங்கள் பேசி வைத்துக்கொண்டதல்ல, தானாக அமைந்தது.

ஒரு ஒத்திகை முடிந்து டீ குடிக்கும்போது, "மார்கழிக்கு என்னை எழுதாதேப்பா" என்றார். வெளிநாடு போகிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். வாங்கியிருந்த அட்வான்ஸ்களை ஒவ்வொரு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்தார். சுருதிப் பெட்டியை, அவரிடம் பாட்டு கற்றுக்கொண்டிருந்த பையனிடம் கொடுத்தார். அப்புறம் திருவண்ணாமலைக்குப் போய்விட்டார்.

எங்கள் வட்டாரத்தில் பேச்சு எப்படிப் போயிற்று என்பது தனிக்கதை. கடன் என்றார்கள். குரல் போய்விட்டது, மானமாக விலகிக்கொண்டார் என்றார்கள். ஏதோ ஒரு சபாவில் அவமானப்படுத்திவிட்டார்கள் என்று ஒருவர் துப்பு சொன்னார். நன்றாகச் சம்பாதிக்கிற மனிதன் காரணமில்லாமல் தொழிலை விடமாட்டான் என்பதில் எல்லோருக்கும் அப்படி ஒரு உறுதி. தோற்றவன்தான் சாமியாரிடம் போவான் என்று நம்பினால், தோற்காத நாம் பத்திரம், இல்லையா?

இந்தச் சமயத்தில்தான் திலீப் குமார் ராயைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். எம்.எஸ். சுப்புலட்சுமியோடு சேர்ந்து வந்தே மாதரம் பாடியவர் என்ற அளவில்தான் அதுவரை தெரியும். வங்க நாடகாசிரியர் துவிஜேந்திரலால் ராயின் மகன், 1897இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்தவர், சுபாஷ் சந்திர போஸின் நண்பர், ஐரோப்பிய சங்கீதமும் தெரிந்தவர். வங்காளமே கொண்டாடிய பாடகர், 1928இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தில் சேர்ந்தார். அவருக்கென்ன கடனா, குரல் கெட்டுவிட்டதா?

என்னைப் பிடித்து உட்காரவைத்தது வேறொரு விஷயம். அரவிந்தர் 1926 நவம்பரிலேயே தனிமைக்குள் போய்விட்டார். வருடத்தில் மூன்று நாள் மட்டும்தான் தரிசனம், அதுவும் வரிசையில் நின்று பார்த்துவிட்டு நகரவேண்டும். ஆயிரம் பேர் முகத்தைப் பார்த்துப் பாடிய ஆள், முகமே காட்டாத குருவிடம் போய்ச் சேர்ந்திருக்கிறார். நடுவில் இருந்தது கடிதம் ஒன்றுதான். இவர் சந்தேகம் எழுதுவார், சோர்ந்துபோய் எழுதுவார், போய்விடுகிறேன் என்றுகூட எழுதுவார். அரவிந்தர் பொறுமையாகப் பதில் எழுதிக்கொண்டே இருப்பார். அந்தக் கடிதங்கள் பெரிய பெரிய தொகுதிகளாக அச்சாகியிருக்கின்றன. பாட்டை விடு என்று அரவிந்தர் சொல்லவில்லை. பாட்டையும் கவிதையையும் ஆன்மிக சாதனையின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளச் சொன்னார். குரு மறைந்த பிறகு திலீப் புதுச்சேரியை விட்டுக் கிளம்பி, புனேயில் ஹரி கிருஷ்ண மந்திர் அமைத்து, 1980இல் காலமாகும்வரை பாட்டோடுதான் இருந்தார்.

அண்ணாவைப் பார்க்க ஒருமுறை திருவண்ணாமலை போனேன். காலையில் சமையற்கட்டில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். "வாப்பா, சாப்பிட்டியா?" என்றதோடு சரி, ஊர் விவகாரம் எதுவும் கேட்கவில்லை. சாயங்காலம் கூடத்தில் அட்சரமணமாலை பாடினார்கள். ரமணர் எழுதியது, 108 கண்ணிகள். எல்லாம் ஒரே மெட்டு. சங்கதி கிடையாது, நிரவல் கிடையாது. ஒரு வரியை எத்தனை விதமாகவும் பாடத் தெரிந்தவர், கண்ணிக்குக் கண்ணி ஒரே விதமாகப் பாடிக்கொண்டு கூட்டத்தில் ஒருவராக உட்கார்ந்திருந்தார். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. தொழில் காது பொல்லாதது. பாதிக்கு மேல் கூட்டத்துக்குச் சுருதி மெல்ல இறங்க ஆரம்பித்தது. அண்ணாவின் குரல் மட்டும் இறங்கவில்லை. உரக்கப் பாடாமலே சுருதியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு கண்ணி போவதற்குள் கூடமே அவரோடு ஏறிவிட்டது. யார் ஏற்றியது என்று ஒருவருக்கும் தெரியாது.

வெளியே வந்ததும் கேட்டேன், "பாடக்கூடாதுன்னு சாமி சொல்லிட்டாராண்ணா?"

"தனியா பாடவேண்டாம்னார். கும்பலோட பாடலாம்."

அந்தச் சாமியார் பெரியவரா, சாதாரணமானவரா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஆளைச் சரியாகப் பார்த்திருக்கிறார் என்று தோன்றியது.

அண்ணா ஜமுக்காளம் மடிக்கப் போய்விட்டார். நான் பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஆலிஸ் கோல்ட்ரேன் ஞாபகம். அமெரிக்க ஜாஸ் கலைஞர், பியானோவும் ஹார்ப்பும் வாசித்தவர். கணவர் ஜான் கோல்ட்ரேன் 1967இல் இறந்த பிறகு தவித்துக்கொண்டிருந்தவருக்கு வழிகாட்டியவர் நம் ஊர்க்காரர், கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தா. 1969இல் வுட்ஸ்டாக் இசைவிழாவைத் தொடங்கிவைத்துப் பேசியவரும் அவரேதான். ஆலிஸ் எழுபதுகளின் கடைசியில் இசைத்தட்டுச் சந்தையை விட்டு விலகினார். காவி கட்டினார், 1983இல் கலிஃபோர்னியாவில் ஆசிரமம் அமைத்தார். அங்கே ஆர்கன் வாசித்து பஜனை நடத்தினார். அதைப் பதிவுசெய்த கேசட்டுகள் ஆசிரமத்துக்காரர்களுக்கு மட்டும். கடையில் விற்கும் புதிய ஆல்பம் மறுபடி வந்தது 2004இல்தான், அதுவும் மகன் ரவி பிடிவாதமாகக் கேட்டதால்.

இவர்கள் யாரும் கலையை விட்டதாக எனக்குத் தெரியவில்லை. விட்டது தொழிலை. தேதி, சன்மானம், போஸ்டரில் பெயர், மறுநாள் பேப்பரில் விமர்சனம், இதெல்லாம்தான் போயிற்று. இதைத் தியாகம் என்று சொல்லி மாலை போடுவதில் எனக்கு ஒரு தயக்கமும் இருக்கிறது. அண்ணாவின் மனைவி இப்போது மயிலாப்பூரில் குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லித் தருகிறார், வீட்டுக்கடன் தவணை அதில்தான் போகிறது. அந்தப் பக்கத்தை எந்தக் குருபக்திக் கதையிலும் நான் படித்ததில்லை. "அவர் நல்லா இருக்கார், அது போதும்" என்று அந்த அக்கா சொல்வார். போதுமா என்று நான் கேட்டதில்லை.

சரி, எங்கள் மேடை என்னாயிற்று? சுருதிப் பெட்டியை வாங்கிக்கொண்ட பையன் அண்ணா இடத்தில் உட்கார்ந்தான். ஆரம்பத்தில் வரி மாற்றும்போது தடுமாறுவான், நான் மிருதங்கத்தில் ஒரு 'தீம்' போட்டு ஜாடை காட்டவேண்டியிருக்கும். இப்போது கை தேர்ந்துவிட்டான். நியூ ஜெர்சிக்கும் டொராண்டோவுக்கும் போய்வருகிறான், மடிப்பாக்கத்தில் ஃபிளாட் வாங்கிவிட்டான். வருகிற மார்கழிக்கு அவனைக் கேட்டால், "அண்ணா, டிசம்பர் ஃபுல், ஜனவரில பாக்கலாமா?" என்கிறான்.