கறுத்த அம்மாவுக்கு ஒரு மஞ்சள் பட்டு

போன மழைக்காலத்தில் என் கணவர் டெங்கு வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நான் இங்கே, வியட்நாமின் சைகோன் நகரத்து மாரியம்மனிடம் நேர்ந்துகொண்டேன். நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரப் பாட்டி, எனக்குத் தெரியாமலே, தெய் நின் மாகாணத்து மலைமேல் இருக்கும் பா டென் அம்மாவிடம் நேர்ந்திருக்கிறார். டெட் புத்தாண்டு முடிந்ததும் கேட்டார்: "உன் அம்மாவுக்குச் செய்துவிட்டாய். என் அம்மாவுக்கு எப்போது வரப்போகிறாய்?"

பா டென் என்றால் கறுத்த அம்மா. பெயரைக் கேட்டதுமே எனக்குச் சிலிர்த்தது.

விடிவதற்கு முன்னே கிளம்பினோம். கூ ச்சி தாண்டி திராங் பாங் வந்தபோது மூங்கில் தட்டிகளில் வட்ட வட்டமாக அரிசித் தாள்கள். இரவுப் பனியில் வைத்து எடுப்பார்களாம். அம்மா மொட்டைமாடியில் வடாம் காயவைத்தது நினைவுக்கு வந்தது. அப்புறம் இலை பழுத்து உதிரும் ரப்பர் தோட்டங்கள். கண்ணுக்கெட்டிய வரை சமவெளி, அதன் நடுவே ஒற்றையாக அந்த மலை. 986 மீட்டர்தான், ஆனால் தென் வியட்நாமில் அதைவிட உயரம் கிடையாது. காரிலிருந்தே பாட்டி கைகூப்பிவிட்டார்.

அடிவாரத்தில் பட்ட பாட்டைச் சொல்லியே ஆகவேண்டும். முதல் மாதத் திருவிழாக் கூட்டம். வண்டி நிறுத்தக் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். ஊதுபத்திக் கட்டை மடியில் திணித்துவிட்டுக் காசு கேட்கிறார்கள். கூண்டுக் குருவியை வாங்கிப் பறக்கவிட்டால் புண்ணியம் என்று ஒருவர் விடாமல் பின்னால் வந்தார். பிடித்து அடைத்தது யார் என்று கேட்க வாய்வரை வந்தது. ரோப்காருக்கு நீண்ட வரிசை. பாட்டி அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. "நடந்து வருவதாகத்தான் சொல்லியிருக்கிறேன்." வயது 68.

வெயில் ஏறிவிட்டது. பத்துப் படிக்கு ஒருமுறை உட்கார்ந்தார். முழங்காலைத் தடவிவிட்டேன். உட்கார்ந்த இடங்களிலெல்லாம் அம்மாவின் கதை நடந்தது. லீ தி தியென் ஹுவோங் என்ற பெண் மானம் காக்க இந்த மலையில் உயிரை விட்டாள், பிறகு ஒரு துறவிக்குக் கறுத்த உருவத்தில் காட்சி கொடுத்தாள். கன்னித்தெய்வங்களைக் கும்பிட்டு வளர்ந்த எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

சன்னதி பாறைக்கு அடியில், குகை போல. தலையைக் குனிந்துதான் நுழையவேண்டும். புகையில் கண் எரிகிறது, பின்னால் தள்ளுகிறார்கள். நிமிர்ந்தேன். பட்டுக்கும் பூவுக்கும் நடுவில் அந்தக் கறுத்த முகம். சொல்வதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். "அம்மா" என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை. பக்கத்தில் பாட்டி மஞ்சள் பட்டை இரண்டு கையிலும் ஏந்தி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அந்த வேகத்தில் எனக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல், என் கணவரின் பெயர். எத்தனை முறை சொல்லிக்கொடுத்தும் அவர் வாயில் அது கோணலாகத்தான் வரும். அந்த ஒன்பது நாளும் இதே கோணல் பெயரோடுதான் இவர் அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார். அங்கேயே உடைந்து அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தள்ளிக்கொண்டிருந்தவர்களே விலகி இடம் கொடுத்தார்கள்.

உச்சியில் 72 மீட்டர் வெண்கலச் சிலை இருக்கிறது. போகவில்லை, போகவும் தோன்றவில்லை. கோயிலில் போட்ட சைவச் சோற்றைச் சாப்பிட்டு இறங்கினோம். திரும்பும்போது காவோ டாய் மதத்தாரின் பெரிய கோயிலில் மாலை ஆறு மணி வழிபாடு, வெள்ளை உடையில் வரிசை வரிசையாக அமர்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரம் நின்று கும்பிட்டோம்.

மலையடித் தோட்டத்துச் சீத்தாப்பழம் இரண்டு கிலோ பாட்டி பேரம் பேசி வாங்கினார், வீட்டுக்கு என்றுதான் நினைத்தேன். வெள்ளிக்கிழமை அந்தப் பையோடு என் வாசலில் வந்து நின்றார். மாரியம்மன் கோயிலுக்குப் போய் அம்மன் முன்னால் பழங்களை வைத்தார். பிறகு கோயிலின் பின்பக்கக் கருங்கல் சுவருக்குப் போய், இங்குள்ளவர்கள் எல்லோரும் செய்வது போல நெற்றியைக் கல்லில் பதித்து, வெகுநேரம் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தார்.